இரவு ரிப்போர்ட்டில் ‘நன்றாகத் தூங்கினார்’

ஜனவரி 5, மாலை 6.10
(கேள்வி, கல்லலில் இருந்து)
என் தம்பிக்கு 24 வயது, ராணுவத்தில் இருக்கிறான். கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வடக்கே ராணுவ மருத்துவமனையில் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. போனில் "நல்லா இருக்கேன்க்கா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வார்டில் விசாரித்தால் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார் என்கிறார்கள். மனநல டாக்டரைப் பார்க்கிறாயா என்று ஒரு தடவை கேட்டேன், போனை வைத்துவிட்டான். தூங்குகிறவனுக்கு எதற்கு டாக்டர் என்கிறார் அப்பா. அடுத்த மாதம் சிக் லீவில் ஊருக்கு அனுப்புவார்களாம். இங்கே ராணுவத்தில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஜனவரி 5, இரவு 9.40
தூங்குகிறான் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி. அந்த வரியைப் பல ஆயிரம் தடவை எழுதியவன் நான். 23 வருஷம் ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டென்ட். இப்போது புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.

நைட் டியூட்டி என்றால் கையில் டார்ச். வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் விரலால் மறைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவோம். டிரிப் ஓடுகிறதா, கட்டு நனைந்திருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்ப்போம். கண் மூடியிருந்தால் காலை ரிப்போர்ட்டில் ‘நன்றாகத் தூங்கினார்’. வார்டில் முப்பது பேர். நின்று யோசிக்க நேரம் இருக்காது.

2001இல் கண்ணிவெடி கேஸ்கள் நிறைய வந்த ஒரு மருத்துவமனையில் இருந்தேன். அதில் ஒரு பையன் மெட்ராஸ் சாப்பர், ராணுவப் பொறியாளர் படைக்காரன். அந்தப் படையில் எல்லோருக்குமே ‘தம்பி’ என்றுதான் பேர், வார்டிலும் அவன் தம்பிதான். வலது கால் கணுக்காலோடு போயிருந்தது. ராத்திரி எப்போது போனாலும் கண் மூடியிருப்பான். பத்து ராத்திரி எழுதினேன், நன்றாகத் தூங்கினார் என்று. பதினோராவது ராத்திரி என்னோடு டியூட்டியில் இருந்தவன் ஸ்டீல் ட்ரே ஒன்றைக் கீழே போட்டுவிட்டான். சத்தம் அடங்குவதற்குள் தம்பி கட்டிலுக்கு அடியில் இருந்தான். டிரிப் ஊசி பிய்ந்து தரையெல்லாம் ரத்தம். தையல் விட்டுப்போயிருந்தது. வெளியே இழுக்கப் போன என் கையைக் கடித்தான்.

காலையில் மனநல டாக்டர் வந்து சார்ட்டைப் புரட்டினார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது யார் கையெழுத்து?"

எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தது. கண் மூடியிருப்பான், இடது கை மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும். தூங்குகிறவன் கை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்காது, நழுவிவிடும். பத்து மணிக்கு நான் நிரப்பி வைக்கும் தண்ணீர் ஜக் நாலு மணிக்குக் காலி. தூங்குகிறவன் எப்போது குடித்தான்?

அதனால் ‘தூங்கினியா’ என்று கேட்காதீர்கள். அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருப்பான். ‘ராத்திரி எத்தனை மணிக்குத் தண்ணி குடிச்சே’ என்று கேட்டுப் பாருங்கள்.

ஜனவரி 6, காலை 7.15
திருத்தம். 2001 என்று எழுதிவிட்டேன், 2002 வெயில் காலம். நாடாளுமன்றத் தாக்குதல் 2001 டிசம்பர் 13. அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் பராக்ரம் என்று மேற்கு எல்லை முழுக்கப் படை போய் உட்கார்ந்தது, வயல்காடெல்லாம் கண்ணிவெடி புதைத்தார்கள். கடைசியில் போரே நடக்கவில்லை. புதைக்கும்போதும் எடுக்கும்போதும் வெடித்துத்தான் பையன்கள் வந்தார்கள். எதிரி முகத்தையே பார்க்காமல் கால் போனவர்கள். வருஷத்தை விட இதற்காகத்தான் திருத்தினேன்.

ஜனவரி 6, இரவு 10.05
போனை ஏன் வைத்தான் என்பதற்கு வருகிறேன். அது கோபம் இல்லை, பயம்.

ராணுவத்தில் உடம்பை ஐந்து எழுத்தில் எழுதுவார்கள். ஷேப் என்று சொல்வோம். எஸ் மனநிலை, ஹெச் காது, ஏ கை கால், பி பொதுவான உடல்நிலை, ஈ கண். எல்லாம் 1 என்றால் ஷேப்-1, முழுத் தகுதி. குறைந்தால் லோ மெடிக்கல். ரொம்பக் குறைந்தால் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ‘போர்டு அவுட்’. உங்கள் தம்பிக்கு ஏ ஏற்கனவே போய்விட்டது. கால் போனவர்களுக்கும் வேலையை மாற்றிக் கொடுத்து வைத்துக்கொள்வது உண்டு. அவன் மனசுக்குள் ஓடுகிற கணக்கு இதுதான்: எஸ்ஸும் போனால் நான் காலி. மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் யூனிட் அதிகாரியிடம் ரிப்போர்ட் கேட்டு வாங்குவார்கள். அப்புறம் யூனிட்டில் டீ போடுகிறவன் வரைக்கும் தெரிந்துவிடும். கால் போனதை ஊரே கும்பிடும். தூக்கம் போனதை வெளியே சொல்ல முடியுமா?

இந்தப் பயம் பொய் இல்லை, அதனால் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லாதீர்கள். ஆனால் மறைத்து வைத்துப் பின்னால் பெரிதாக வெடித்துத் தகுதி போனவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எங்கள் வார்டுத் தம்பியும் பதினோரு நாள் மறைத்தவன்தான். ‘தூக்கம் வரவில்லை, அதற்கு மட்டும் டாக்டரிடம் கேள்’ என்று சொல்லுங்கள். தூக்கம் என்ற வாசல் வழியாகப் போனால் யாருக்கும் கூச்சம் இல்லை.

நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் அவனைக் கொட்ட வையுங்கள். உள்ளே வைத்தால் புண்ணாகும்.

ஜனவரி 6, இரவு 10.20
வார்டில் பேசும்போது ‘சிஸ்டர்’ என்று கூப்பிடாதீர்கள். மிலிட்டரி நர்சிங் சர்வீஸில் அவர்கள் அதிகாரிகள், தோளில் நட்சத்திரம் இருக்கும். ‘மேடம்’ என்றால் பத்து நிமிஷம் கூடுதலாகப் பேசுவார்கள். அனுபவத்தில் சொல்கிறேன், சேர்ந்த முதல் மாதமே வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

ஜனவரி 8, மதியம் 1.30
மேலே ஒருவர் முரளிகாந்த் பேட்கர் வீடியோவைப் போட்டு ‘தம்பிக்கு இதை அனுப்புங்கள்’ என்கிறார். பெரிய மனிதர்தான், மறுப்பில்லை. ராணுவத்தில் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் இஎம்இ படையில் இருந்தவர், 1965 போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம். பத்மஸ்ரீ கொடுத்தது 2018இல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அடி பட்டது 65, தங்கம் 72. நடுவில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தை எந்த வீடியோவும் காட்டாது, மூன்றாவது வாரத்தில் படுத்திருப்பவன் அதற்குள்தான் இருக்கிறான். இன்னும் பெட்பேன் வைத்துக்கொள்ளக் கூச்சப்படுகிறவனிடம் தங்கப் பதக்கத்தைக் காட்டினால் அவன் காதில் என்ன விழும்? ‘உனக்கு இன்னும் தங்கம் வரலையா?’

நானும் இதைச் செய்தவன்தான். ‘நீ சிங்கம்டா’ என்று ஒரு பையனிடம் தினமும் சொல்வேன். ஒரு நாள் அமைதியாகச் சொன்னான், "அண்ணே, சிங்கத்துக்கு ராத்திரி அழுகை வருமா?" அதற்கப்புறம் அந்த வார்த்தையை விட்டுவிட்டேன்.

ஜனவரி 11, இரவு 11.00
6ஆம் தேதி எழுதியதில் ஒன்றை வாபஸ் வாங்குகிறேன். என் அண்ணன் மகள் மதுரையில் மனநலப் பிரிவில் நர்ஸ். இதைப் படித்துவிட்டு போனில் பிடித்துக்கொண்டாள். "சித்தப்பா, ஒரே மூச்சில் கொட்ட வைக்கச் சொன்னீங்களா? யார் சொன்னது உங்களுக்கு?"

முன்பெல்லாம் சம்பவம் முடிந்த கையோடு உட்கார வைத்து எல்லாவற்றையும் பேச வைப்பதை ஒரு வைத்தியமாகவே செய்தார்களாம். ஆராய்ந்து பார்த்ததில் பலன் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலும் ஆனது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் எழுதும் நைஸ் அமைப்பு 2005லேயே அதை வழக்கமாகச் செய்யாதீர்கள் என்று எழுதிவிட்டதாம். அவனாகப் பேசினால் கேட்கலாம். கேள்வி மேல் கேள்வி போட்டுப் பிடுங்கக் கூடாது. பின்னால் தேவைப்பட்டால் பயிற்சி பெற்றவர்கள் படிப்படியாக, வாரக்கணக்கில் செய்கிற பேச்சு சிகிச்சை இருக்கிறது, அது வேறு.

இன்னொன்றும் சொன்னாள். மூன்று வாரத்தில் திடுக்கிடுவதும் கெட்ட கனவும் வந்தால் உடனே வியாதிப் பெயர் வைக்காதீர்கள். நிறையப் பேருக்குத் தானாக அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் விடாமல் படுத்தினால்தான் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் தங்கிவிடும் மனநோய், என்ற பேச்சே வரும். அந்தப் பெயரே 1980இல் வந்ததுதானாம். அதற்கு முன்னால் ஷெல் ஷாக், அதற்கும் முன்னால் கோழை.

சரி, நான் வார்டில் பேச வைத்த பையன்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூக்கம் எனக்கும் வரவில்லை.

ஜனவரி 17, காலை 9.00
இன்று சிராவயல் மஞ்சுவிரட்டு. ஆலை லீவு. அதிகாலையிலேயே எங்கோ வேட்டுப் போட்டார்கள். தங்கச்சி, தம்பி எந்தத் தேதியில் வருகிறான்? மாசி, பங்குனி என்றால் நம் பக்கத்தில் திருவிழா இல்லாத தெரு கிடையாது. வேட்டை நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று முன்கூட்டியே அவனிடம் சொல்ல முடியும். தெரிந்து கேட்கிற சத்தம் வேறு, தெரியாமல் கேட்கிற சத்தம் வேறு.

ஜனவரி 24, இரவு 8.50
கேட்டிருந்தீர்களே, ‘இல்லாத காலில் அரிக்கிறது என்கிறான், புத்தி பிசகிவிட்டதோ என்று அம்மா அழுகிறாள்’ என்று. அம்மாவிடம் உடனே சொல்லுங்கள், புத்தி நன்றாக இருக்கிறது. கால் எடுத்த பெரும்பாலோருக்கு இது வரும். காலுக்கான இடம் மூளையில் அப்படியே இருக்கிறது. அவனே பயந்துபோய் மறைப்பான், முதலில் அவனுக்கு இது தெரிய வேண்டும்.

இதற்குக் கண்ணாடி வைத்தியம் ஒன்று உண்டு. இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே அதை அசைக்க வேண்டும். போன கால் திரும்ப வந்து அசைவது போல மூளைக்குத் தோன்றும். 2007இல் அமெரிக்காவில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் போன சிப்பாய்களிடம் சோதித்துப் பார்த்து வலி குறைந்ததாக எழுதினார்கள். அமெரிக்காக்காரன் மூளையே மூளை.

ஜனவரி 24, இரவு 9.30
அண்ணன் மகளிடம் இருந்து அடுத்த அடி. கண்ணாடி யோசனை வி.எஸ். ராமச்சந்திரனுடையது, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1990களிலேயே சொன்னார். அமெரிக்காவில் இருந்துதான் சொன்னார் என்பதால் எனக்குப் பாதி மார்க் உண்டு என்று வாதாடினேன். தரவில்லை.

என் மனைவியின் தம்பிக்கு 2017 வாக்கில் இதைச் செய்து பார்த்தோம். அவன் கதை தனி, பிறகு எழுதுகிறேன். பாட்டி காலத்துப் பெல்ஜியம் கண்ணாடியைச் சுவரில் இருந்து இறக்க மாமியார் விடவில்லை, பீரோக் கதவைக் கழற்றினோம். பத்து வருஷமாகப் போன காலின் பெருவிரல் உள்ளே சுருட்டிக்கொண்டு இழுக்கிறது என்பான். நாலாம் நாள், "மாமா, விரல் விரிஞ்ச மாதிரி இருக்கு" என்றான். எரிச்சல் மட்டும் போகவில்லை. இப்போதும் மழைக்கு முன்னால் எரிகிறது. பாதிதான் கேட்டது. டாக்டரையோ பிசியோவையோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சிலருக்கு முதல் தடவை தலை சுற்றும், அழுகை வரும்.

பிப்ரவரி 2, மதியம்
சிக் லீவ் பற்றி. இதுதான் நான் எழுத வேண்டியதிலேயே பெரியது.

மருத்துவமனையில் காயம்பட்டவன் என்றால் சுற்றி எல்லோரும் காயம்பட்டவர்கள். பக்கத்துக் கட்டிலில் கை இல்லாதவன், எதிரில் கண் இல்லாதவன். கேலி செய்துகொள்வார்கள். ஒற்றைக் கால்காரர்கள் இரண்டு பேர் ஒரே ஜோடி செருப்பை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஊருக்கு வந்தால் அவன் ஒருவன்தான் அப்படி.

மச்சானுக்கு, கண்ணாடி வைத்துப் பார்த்தோம் என்றேனே அந்த மனைவியின் தம்பிக்கு, 2006இல் லடாக் பக்கம் லாரி கவிழ்ந்து கால் போனது. குண்டு இல்லை, கண்ணி இல்லை, பனியில் லாரி சறுக்கியது, அவ்வளவுதான். கண்டனூரில் அவர்கள் வீடு. வந்த முதல் வாரம் நானும் லீவில் இருந்தேன். முகப்பில் ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்துவிட்டார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள் பையோடு ஆள் வந்துகொண்டே இருந்தது. வருகிறவர் எல்லாம் ஒரே கேள்வி. "எந்தச் சண்டையிலப்பா?" முதல் பத்துப் பேரிடம் லாரி என்றான். "ஓ, லாரியா" என்று அவர்கள் குரல் இறங்குவதை நான் கேட்டேன், அவனும் கேட்டான். மூணாம் நாள் ஒருவரிடம் "பார்டர்ல" என்றான். ஐந்தாம் நாள் குண்டு வந்துவிட்டது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற முடியாமல்தான் அப்புறம் வெளியே வருவதையே நிறுத்தினான் என்று இன்றும் நினைக்கிறேன். 2002இல் எதிரியைப் பார்க்காமல் கால் போனவர்களுக்கும் இதே குறுகல் இருந்தது.

உங்கள் வீட்டில் ஒருவர் வாசலில் நின்று இந்த வேலையைப் பார்க்க வேண்டும். பேசக்கூடிய ஆளாக இருக்கட்டும், உங்கள் அப்பா வேண்டாம். கதையை வாசலிலேயே சொல்லி முடித்து, ‘உள்ளே கேட்காதீர்கள், மழை தண்ணி பேசுங்கள்’ என்று அனுப்ப வேண்டும்.

அப்புறம் வீடு. மனசைப் பற்றிப் பேச ஆரம்பித்து நிலைப்படியில் வந்து நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் முகப்பில் இருந்து வளவுக்கு ஒரு படி, வளவில் இருந்து இரண்டாங்கட்டுக்கு ஒரு படி, கொல்லைக்கு இன்னொன்று. கக்கூஸ் கடைசியில். தரை ஆத்தங்குடிக் கல், எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக இருக்கும். ஊன்றுகோலுக்கு அதைவிட எமன் வேறு இல்லை. மச்சான் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான். யாருக்கும் தெரியவில்லை. ‘ராத்திரி அம்மாவ எழுப்பணும்ல’ என்று ஆறு மாதம் கழித்து என் மனைவியிடம் சொன்னான். நான் நர்சிங் அசிஸ்டென்ட், அந்த வீட்டில் ஒரு வாரம் படுத்திருந்தேன். ஜக்கு நிறைய அப்படியே இருந்ததைப் பார்க்கவில்லை. காலி ஜக்கைத்தான் 2002இல் கோட்டை விட்டேன், இங்கே நிறைந்த ஜக்கை.

கட்டிலை முகப்பறைக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்திலேயே கமோடு நாற்காலி. கட்டிலில் இருந்து அதுவரை ரப்பர் மேட். படியில் சாய்வுப் பலகை, ஆசாரி ஒரு நாளில் போட்டுத் தருவார். ராத்திரி யாரையும் எழுப்பாமல் அவன் போய்வர வேண்டும்.

பிப்ரவரி 3, காலை 6.40
ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார், கேண்டீன் ரம் தூக்கத்துக்கு நல்லதுதானே என்று. ரம் கோட்டா உள்ள வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம் என்பது எனக்குத் தெரியும், என் வீட்டுக்கே மாதக் கடைசியில் ஒன்றுவிட்ட அண்ணன்கள் முளைப்பார்கள். படுத்ததும் தூக்கம் வரும். இரண்டு மணிக்கு மேல் கலைந்து, கனவு முன்னைவிட மோசமாக வரும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே நிற்கலாம்.

பிப்ரவரி 9, இரவு 10.30
எழுதத் தயங்கிய ஒன்று. ‘நான் இல்லாட்டி உங்களுக்குப் பாரம் குறையும்’ என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ, வாட்சையும் போனையும் தம்பி தங்கைக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ, நேராகக் கேட்டுவிடுங்கள், ‘செத்துரணும்னு தோணுதா?’ என்று. கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கேட்ட பிறகு மூச்சு விட்டவர்களைத்தான் பார்த்தேன். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் வீட்டைவிட்டு அகற்றுங்கள், அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 டெலி-மானஸ், அரசின் மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. படையினருக்கென்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் தனிப் பிரிவும் தொடங்கினார்கள்.

பிப்ரவரி 10, காலை 6.15
வார்டுத் தம்பி என்ன ஆனான் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். புனேயில் செயற்கைக் கால் மையத்துக்கு அனுப்பினார்கள், 1944இல் இருந்து நடக்கிற இடம். போகும்போது என்னிடம் பேசவில்லை. கை குலுக்கினான், கடித்த இடத்தைத் திருப்பிப் பார்த்தான். தழும்பு இருக்கிறது, பார்த்தால் தெரியும்.

பிப்ரவரி 20, இரவு 9.15
தங்கச்சி நேற்று எழுதியதைப் படித்தேன். தண்ணீர்க் கேள்வியைக் கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். அப்புறம், "ரெண்டு மணிக்கு ஒரு தடவ, நாலு மணிக்கு ஒரு தடவ. யாருக்கா சொன்னது உனக்கு?" என்றானாம்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம். இரண்டும் நாலும் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கும் கேளுங்கள். வாரக் கடைசியில் அந்த நோட்டைப் பார்த்து மேடத்திடம் போனில் படித்துக் காட்டுங்கள், ‘தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்ய முடியுமா’ என்று கேளுங்கள். அப்புறம், கொண்டுவருவது எந்த ரயிலில் என்று எழுதுங்கள். கல்லலில் நிற்காத வண்டி என்றால் காரைக்குடி ஸ்டேஷனுக்கு ஆலை வேனை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். ஆரத்தி, மாலை எதுவும் ஸ்டேஷனில் வேண்டாம். பலகைக்கு ஆசாரி கிடைத்தாரா?